அலுவலகக் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்: அமைக்கவும் பழுது நீக்கவும் முழுமையான வழிகாட்டி

ஒரு கணினியை வேறோர் இடத்திலிருந்து திரையோடு இயக்க உதவும் வசதி ரிமோட் டெஸ்க்டாப். அது வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் கூப்பிடுகிறார்கள். கோளாறோ அலுவலகத்தில், பூட்டிய அறைக்குள், அணைந்த திரைக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டிலிருந்து அதைத் தொட முடியாது. தொட முடியாததால்தானே ரிமோட் டெஸ்க்டாப்பே வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் அலுவலகக் கணினியின் முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டியவை. அடுத்து, அதே அலுவலகத்தின் இன்னொரு கணினியிலிருந்து ஒரு சோதனை. கடைசியாக வெளி இணையத்திலிருந்து ஒரு சோதனை. முந்தைய படி தேறாமல் அடுத்த படிக்குப் போனால், கோளாறு எந்தப் படியில் என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

இங்கே பேசுவது விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பற்றி. இதே வேலையைச் செய்யும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தனிச் செயலிகள் எங்கே வேறுபடுகின்றன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எந்தக் கணினிக்குள் நுழைய வேண்டுமோ அதை ‘அலுவலகக் கணினி’ என்றும், எதிலிருந்து நுழைகிறோமோ அதை ‘மடிக்கணினி’ என்றும் குறிப்பிடுகிறேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு: அலுவலகக் கணினியில் மாற்ற வேண்டிய அமைப்பை மடிக்கணினியில் மாற்றிவிட்டு, ஏன் பலனில்லை என்று கேட்டவர்களை நான் எண்ணி மாளாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அலுவலகக் கணினியின் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் தெரியும். ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் என்று இருந்தால் மேலே படிக்கலாம். ஹோம் என்று இருந்தால், அந்தக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைய முடியாது. மடிக்கணினியில் ஹோம் இருக்கலாம். அங்கே தடையில்லை, ஏனென்றால் ஹோம் பதிப்பால் வெளியே போக முடியும், விருந்தாளியை உள்ளே விடத்தான் முடியாது.

ஹோம் பதிப்பை ஏமாற்றி இந்த வசதியைத் திறக்கும் சிறு நிரல்கள் இணையத்தில் கிடைக்கும். அலுவலகக் கணினியில் அவை வேண்டாம். விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தவுடன் நின்றுபோகும். அது நிற்கிற நாளில் நீங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டீர்கள். ப்ரோவுக்கு மாறுங்கள், அல்லது நேரே 13-ஆம் பகுதிக்குப் போங்கள்.

இரண்டாவது, அலுவலகக் கணினியில் நிர்வாகி உரிமை உள்ள கணக்கு. மூன்றாவது, அலுவலகக் கணினிப் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதன் சம்மதம். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. மையமாக நிர்வகிக்கப்படும் கணினிகளில் விண்டோஸின் விதித் தொகுப்பான குரூப் பாலிசி இந்த வசதியை மூடி வைத்திருக்கும். பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். அதை உங்களால் மாற்ற முடியாது, அவர்களால் முடியும்.

நான்காவது, ஒரு காகிதமும் பேனாவும். கணினியின் பெயர், ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண்), பயனர்பெயர் மூன்றையும் அதில் எழுதப் போகிறீர்கள். கடவுச்சொல்லை எழுத வேண்டாம்.

2. கணினி தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பலரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. நான் முதலில் செய்யச் சொல்கிறேன். ஒரு மாலை முழுக்க, வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வாலைத் திறப்பதும் மூடுவதுமாகப் போராடிய ஒருவரை எனக்குத் தெரியும். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய் மவுஸை அசைத்தவுடன் இணைப்பு கிடைத்துவிட்டது. கணினி தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் மின் இணைப்பில் இருக்கும்போது ஸ்லீப் என்பதை ‘நெவர்’ என்று வையுங்கள். திரை அணைவது தனி அமைப்பு. அது அணையலாம், இணைப்புக்கு அதனால் கெடுதல் இல்லை. அலுவலகத்தில் விட்டுச் செல்வதும் மடிக்கணினி வகை என்றால், மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும் என்ற அமைப்பை கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் சுத்தம் செய்ய வருகிறவர் மூடியைச் சாத்தினாலே கதை முடிந்தது.

மின்தடை வந்து போனால் கணினி தானாக எழுந்திருக்க வேண்டும். அது விண்டோஸின் வேலையல்ல. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் இயங்கு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மேசைக் கணினிகள் பலவற்றில் உண்டு. இருந்தால் இயக்கிவிடுங்கள்.

வைஃபையைவிட கேபிளே மேல். கணினி மறுபடி இயங்கி, யாரும் உள்நுழையாத நிலையிலும் கேபிள் இணைப்பு உயிரோடு இருக்கும். வைஃபை எல்லாக் கணினிகளிலும் அப்படி இருக்கும் என்று நம்பி வீட்டுக்குப் போக முடியாது.

3. வசதியை இயக்குதல்

இது ஒரு நிமிட வேலை. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப். பொத்தானைத் தள்ளுங்கள், உறுதி செய்யுங்கள்.

அருகிலுள்ள சிறு அம்புக்குறியைத் திறந்தால், நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் வேண்டும் என்ற தேர்வு இருக்கும். அது தேர்வாகியே இருக்கட்டும். அது இருந்தால், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்ட பிறகே விண்டோஸ் உள்நுழைவுத் திரையைக் காட்டும். இல்லையென்றால் வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் திரை திறக்கும். எதற்கெடுத்தாலும் இதை அணைத்துப் பாருங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. சில பிழைகள் அதனால் மறைவதும் உண்மை. ஆனால் சத்தம் போடுகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியின் பாட்டரியைக் கழற்றுவது போன்றது அது.

4. யார் நுழையலாம்

நிர்வாகிகளுக்குத் தானாகவே அனுமதி உண்டு. மற்றவர்களை அதே பக்கத்தில் உள்ள ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ பட்டியலில் சேர்க்க வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைச் சேர்ப்பதே நல்லது. கடவுச்சொல் எப்படியோ வெளியே போனாலும், வந்தவர் கையில் முழுக் கணினியும் சிக்காது.

5. பயனர்பெயரும் கடவுச்சொல்லும்

அதிகம் பேர் விழும் குழி இது. நின்று நிதானமாகப் பாருங்கள்.

தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணையோ விரல் ரேகையையோ வைத்து உள்நுழைகிறவர்களுக்குக் கடவுச்சொல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். ரிமோட் டெஸ்க்டாப் கேட்பது கணக்கின் கடவுச்சொல். வீட்டிலிருந்து பின் எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டினால் என்ன ஆகும்? புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸ் 11-இல், 22எச்2 பதிப்பு முதல், 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடங்களுக்குப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்காது. கொடுத்தவரோ அதுவும் தவறு என்று முடிவுகட்டி வேறொன்றைத் தேடுவார்.

கடவுச்சொல்லே வைக்காத கணக்கும் உதவாது. வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கை விண்டோஸ் நேரில் மட்டுமே அனுமதிக்கும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைகிறீர்கள் என்றால் இன்னொரு நுணுக்கம். கணினியை அமைத்த நாளிலிருந்தே பின் எண்ணைத்தான் பயன்படுத்திவருகிறீர்கள் என்றால், அந்தக் கணினி உங்கள் கடவுச்சொல்லை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. பார்க்காததை அதனால் ஒப்பிட முடியாது. செட்டிங்ஸ், அக்கௌன்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் பகுதியில், விண்டோஸ் ஹலோ (பின் எண், விரல் ரேகை, முகம்) வழியே மட்டும் உள்நுழைய அனுமதிக்கும் தேர்வை அணையுங்கள். வெளியேறி, ஒரே ஒருமுறை முழுக் கடவுச்சொல்லைத் தட்டி உள்நுழையுங்கள். அவ்வளவுதான், அதன் பிறகு மறுபடி பின் எண்ணுக்குத் திரும்பலாம்.

அடுத்தது பயனர்பெயர். திரையில் தெரியும் அழகான முழுப்பெயர் பயனர்பெயராக இருக்க வேண்டியதில்லை. கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஹூ, ஆம், ஐ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றி ஒட்டித் தட்டி என்டர் அழுத்துங்கள். கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பயனர்பெயர் என்று ஒரே வரி வரும். அந்த வரியை அப்படியே காகிதத்தில் எழுதுங்கள். மடிக்கணினியிலிருந்து நுழையும்போதும் அதையே முழுதாகத் தட்டுங்கள். வெறும் பயனர்பெயரைக் கொடுத்தால், சில நேரம் மடிக்கணினி தன் பெயரையே முன்னால் ஒட்டி அனுப்பிவிடும். அந்தப் பெயரில் அலுவலகக் கணினிக்கு யாரையும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மின்னஞ்சல் முகவரியே பயனர்பெயர்.

பின்சாய்கோட்டுக்குப் பதிலாக முன்சாய்கோட்டைத் தட்டுவது சிறு பிழைதான். ஆனால் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். அதேபோல, மடிக்கணினியின் விசைப்பலகை தமிழில் நிற்கும்போது கடவுச்சொல்லைத் தட்டுவது. திரையில் புள்ளிகள்தாம் தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவே முடியாது. நானே இரண்டு முறை செய்திருக்கிறேன்.

6. முகவரியை நிலையாக்குங்கள்

கமாண்ட் பிராம்ப்டில் ஐபி, கான்ஃபிக் இரண்டையும் ஆங்கிலத்தில் இடைவெளியின்றி ஒட்டித் தட்டி என்டர் அழுத்தினால் கணினியின் ஐபிவி4 முகவரி தெரியும். அலுவலக நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும், 172.16 முதல் 172.31 வரையும் இருக்கலாம். 169.254 என்று தொடங்கினால் நிறுத்துங்கள். கணினிக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிளைப் பாருங்கள்.

இந்த முகவரி நாளை மாறலாம். ரூட்டர் முகவரிகளைக் கடனாகத்தான் கொடுக்கிறது. மாறினால் உங்கள் இணைப்பு வேறொருவர் கணினியின் கதவைத் தட்டும். இதைத் தவிர்க்க ரூட்டரில் முகவரிகளை ஒதுக்கும் டிஹெச்சிபி பகுதியில், இந்தக் கணினிக்கு எப்போதும் இந்த எண் என்று ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். கணினியிலேயே எண்ணை நிரந்தரமாக எழுதிவிடும் வழியும் உண்டு. ஆனால் ரூட்டருக்குத் தெரியாமல் எழுதினால், அதே எண்ணை அது இன்னொரு கருவிக்கும் கொடுத்துவிடலாம். பிறகு இரண்டும் மாறி மாறிச் சாகும்.

7. முதல் சோதனை: பக்கத்து மேசையிலிருந்து

வீட்டுக்குப் போகாதீர்கள். அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் செயலியைத் திறந்து, காகிதத்தில் உள்ள ஐபி எண்ணைக் கொடுங்கள். பெயரை அல்ல, எண்ணை. பெயரை எண்ணாக மாற்றுவது தனி வேலை. அதில் கோளாறு இருந்தால் இந்தச் சோதனையும் சேர்ந்து குழம்பும்.

முதல் முறை, இந்தக் கணினியின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று எச்சரிக்கை வரும். அலுவலகக் கணினி தனக்குத் தானே சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறது, அதனால்தான். பக்கத்து மேசையில் உள்ள கணினி என்று உங்களுக்கே தெரிவதால் ஏற்கலாம். ஆனால் மாதக்கணக்கில் அமைதியாக இருந்த இணைப்பில் திடீரென்று அந்த எச்சரிக்கை வந்தால் ஏற்காதீர்கள். அந்த எண்ணில் இப்போது இருப்பது எந்தக் கணினி என்று முதலில் கேளுங்கள்.

இணைப்பு கிடைத்ததும் அலுவலகக் கணினியின் திரை பூட்டிக்கொள்ளும். பழுது இல்லை; சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். நீங்கள் வெளியிலிருந்து வேலை செய்கையில், யாராவது அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து உங்கள் கணக்கில் உள்நுழைந்தால் உங்கள் இணைப்பு அறுந்துவிடும். ‘தானாகவே அறுகிறது’ என்ற புகார் வந்தால், ஒரே கணக்கை இருவர் பயன்படுத்துகிறார்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

8. பக்கத்து மேசையிலிருந்தே கிடைக்கவில்லையா?

எல்லோரும் உடனே பிங் செய்து, அதாவது கணினி பதில் சொல்கிறதா என்று ஒரு கட்டளையால் தட்டிப் பார்க்கிறார்கள். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் ஒன்றும் தெரிந்துவிடாது. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு இயல்பாகவே பதில் சொல்லாமல் இருக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: 3389 என்ற டிசிபி போர்ட் (நெட்வொர்க் தொடர்புக்கான எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறதா? ரிமோட் டெஸ்க்டாப் காது கொடுத்துக் காத்திருப்பது அதில்தான். சோதிக்கும் கணினியில் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’, ஒரு இடைக்கோடு, ‘நெட்கனெக்ஷன்’ என்ற கட்டளையுடன் ஐபி எண்ணையும், முன்னால் இடைக்கோடு இட்ட ‘போர்ட்’ என்ற தேர்வில் 3389-ஐயும் கொடுங்கள். விடையின் கடைசி வரியில் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று இருக்கும்.

‘ட்ரூ’ என்றால் வழி திறந்திருக்கிறது. இனி ஃபயர்வாலைத் தொடாதீர்கள். கோளாறு 5-ஆம் பகுதியில் சொன்ன பயனர்பெயர், கடவுச்சொல் பக்கத்தில்.

‘ஃபால்ஸ்’ என்றால் அலுவலகக் கணினிக்குத் திரும்புங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஃபயர்வால் பகுதியில், அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறங்கள். ரிமோட் டெஸ்க்டாப் என்ற வரியில் டிக் இருக்க வேண்டும்; உங்கள் நெட்வொர்க் எந்த வகையோ, பிரைவேட்டா பப்ளிக்கா, அந்தப் பத்தியிலும் டிக் இருக்க வேண்டும். அதே பட்டியலில் ரிமோட் அசிஸ்டன்ஸ் என்று இன்னொரு வரியும் இருக்கும். அவசரத்தில் கை அதற்குத்தான் போகும். அது வேறு வசதி.

அதுவும் சரியாக இருக்கிறது, இன்னும் ‘ஃபால்ஸ்’ என்றால், தனியாக நிறுவப்பட்ட ஆண்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சர்வீசஸ் பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய ஒவ்வொரு முறையும் அதே கட்டளையால் சோதியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. தேவையில்லாமல் திறந்த இரண்டு கதவுகளும் திறந்தே கிடக்கும்.

9. வெளியிலிருந்து வருவதற்கு வழி

இங்கே ஒரு குறுக்குவழி எல்லோரையும் ஈர்க்கும்: ரூட்டரில் 3389-ஐ இணையத்துக்குத் திறந்துவிட்டு, அலுவலகத்தின் வெளி ஐபி எண்ணைத் தட்டி நுழைவது. ஐந்து நிமிடத்தில் முடியும். செய்யாதீர்கள்.

திறந்த 3389-ஐத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கண்டதும் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். 2019-இல் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ்களுக்குள் நுழைய வழிவிட்டது. ஆதரவு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. போர்ட் எண்ணை 3389-இலிருந்து வேறொன்றாக மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் மூடநம்பிக்கை. தேடுகிற நிரல்கள் மற்ற எண்களையும் தட்டிப் பார்க்கும்.

சரியான வழி, வி.பி.என். (இணையத்தின் ஊடே போகும் பாதுகாப்பான தனிப் பாதை) மூலம் முதலில் அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்து, பிறகு பக்கத்து மேசையிலிருந்து நுழைவது போலவே அதே ஐபி எண்ணில் நுழைவது. பெரிய அலுவலகங்களில், வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே இருக்கும். அது 443 போர்ட் வழியே வருவதால் வெளி இடங்களின் வைஃபையிலும் பெரும்பாலும் தடைபடாது. இரண்டில் எது என்பதை அலுவலகக் கணினிப் பிரிவே முடிவு செய்யும். நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது வி.பி.என். அமைப்புக் கோப்பும் அதன் கணக்கும்.

10. இரண்டாவது சோதனை: வெளியே போகாமலே வெளியிலிருந்து

வீட்டுக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதுதான் இந்த வேலையில் மிகவும் பொதுவான தவறு. அலுவலகத்தில் இருக்கும்போதே வெளியிலிருந்து வருவது போலச் சோதிக்க முடியும். மடிக்கணினியை அலுவலக வைஃபையிலிருந்து துண்டியுங்கள். கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து மடிக்கணினியை அதனுடன் இணையுங்கள். வி.பி.என்.-ஐ இயக்குங்கள். இப்போது ரிமோட் டெஸ்க்டாப்பில் ஐபி எண்ணைக் கொடுங்கள். கோளாறு என்றால் நான்கு அடி நடந்து சரிசெய்யலாம்.

வி.பி.என். இணைந்துவிட்டது, 3389 சோதனை மட்டும் ‘ஃபால்ஸ்’ என்றால், வி.பி.என். வழியே வருகிறவர்களுக்கு எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்ற பட்டியலில் உங்கள் கணினி இல்லாமல் இருக்கலாம். எண்ணைக் கொடுத்தால் கிடைக்கிறது, பெயரைக் கொடுத்தால் கிடைக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் அலுவலக டிஎன்எஸ்-ஐ வி.பி.என். உங்களுக்குக் கொடுக்கவில்லை. எண்ணையே பயன்படுத்துங்கள்; அதற்காகத்தான் 6-ஆம் பகுதியில் அதை நிலையாக்கினோம்.

இந்தச் சோதனை தேறிய பிறகும் வீட்டில் மட்டும் வேலை செய்யாமல் போக ஒரு காரணம் உண்டு. அதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். நண்பர் ஒருவரின் அலுவலகக் கணினி 192.168.1.20. ஹாட்ஸ்பாட்டில் சோதித்தபோது சரியாக இருந்தது. வீட்டில் வி.பி.என். பச்சை விளக்கு காட்டுகிறது, இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. அதே எண்ணை பிரௌசரில் தட்டச் சொன்னேன். அவர் வீட்டு பிரிண்டரின் அமைப்புப் பக்கம் திறந்தது! வீட்டு நெட்வொர்க்கும் 192.168.1 வரிசை, அலுவலகமும் அதே வரிசை. அந்த எண் வீட்டிலேயே இருக்கிறது என்று மடிக்கணினி நினைத்துக்கொண்டது, வி.பி.என். பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு ரூட்டரின் வரிசையை 192.168.57 என்பது போல யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். அலுவலகத்தையும் 192.168.0, 192.168.1 வரிசைகளில் வைக்காமல் இருப்பது நல்லது. ஆனால் அதை மாற்றுவது ஒருவர் கையில் இல்லை.

11. பிழைச் செய்திகளைப் படிப்பது

‘தொலைக் கணினியுடன் இணைய முடியவில்லை’ என்று மூன்று காரணங்களை அடுக்கும் செய்தி வந்தால், கோரிக்கை போய்ச் சேரவில்லை. தூக்கம், முகவரி, ஃபயர்வால், வி.பி.என். என்று மேலே சொன்ன வரிசையில் போங்கள்.

உள்நுழைவு தோல்வி என்றால் கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. சில நாள் முன்பு கடவுச்சொல்லை மாற்றினீர்களா? மடிக்கணினியில் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய கடவுச்சொல் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குப் பதிலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவை நீக்குங்கள். கடவுச்சொல் காலாவதியாகியிருந்தால், நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இருக்கும்போது ரிமோட் டெஸ்க்டாப் வழியே புதியதை வைக்க முடியாது. அலுவலகத்தில் ஒருவர் உதவ வேண்டும்.

போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சந்தேகம் தீரவில்லை என்றால், அலுவலகக் கணினியின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவுகளைப் பாருங்கள். தோற்ற உள்நுழைவு 4625 என்ற எண்ணில் பதிவாகும். எந்தப் பயனர்பெயர் வந்தது, ஏன் மறுக்கப்பட்டது என்பதும் இருக்கும். அந்த நேரத்தில் 4625 இருந்தால் நெட்வொர்க்கைக் குறைசொல்ல இடமில்லை. நீங்கள் தட்டியதாக நினைக்கும் பெயரும் அங்கே பதிவான பெயரும் வேறாக இருப்பதை இங்கேதான் கண்டுபிடிப்பீர்கள்.

கிரெட்எஸ்எஸ்பி என்ற சொல்லோடு வரும் பிழைக்கு ஒரே பொருள்: இரு கணினிகளில் ஒன்று அப்டேட் ஆகாமல் கிடக்கிறது. 2018 மே மாத அப்டேட்டுக்குப் பிறகு, திருத்தம் பெறாத கணினியுடன் பேச விண்டோஸ் மறுக்கிறது. பாதுகாப்பைத் தளர்த்தும் ரெஜிஸ்ட்ரி வைத்தியம் வேண்டாம். பின்தங்கிய கணினியை அப்டேட் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

நேர வேறுபாடு பற்றிய செய்தி வந்தால் இரு கணினிகளின் கடிகாரத்தையும் தேதியையும் பாருங்கள். மதர்போர்டு பாட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் இது நடக்கும்.

12. இணைந்த பிறகு வரும் தொல்லைகள்

வெறும் கறுப்புத் திரை வந்தால் கண்ட்ரோல், ஆல்ட், என்ட் மூன்றையும் அழுத்துங்கள். டெலீட் அல்ல, என்ட்; டெலீட்டை அழுத்தினால் அது உங்கள் மடிக்கணினிக்கே போகும். வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரரை மறுபடி இயக்கினால் பெரும்பாலும் திரை வரும். அடிக்கடி வந்தால், இணைப்புச் செயலியின் எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் பிட்மேப் கேஷிங்கை (திரைப் படங்களைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்தும் தேர்வு) அணைத்துப் பாருங்கள்.

இணைந்து சில நொடிகளில் திரை உறைந்து நிற்பது வேறு வகை. ரிமோட் டெஸ்க்டாப் டிசிபியோடு, தகவல் அனுப்பும் இன்னொரு முறையான யுடிபியையும் பயன்படுத்துகிறது, சில வி.பி.என்.-களில் யுடிபி பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். மடிக்கணினியின் குரூப் பாலிசியில் யுடிபியை அணைக்கும் தேர்வு உண்டு. கொஞ்சம் மெதுவாகும், உறையாது.

நகலெடுத்து ஒட்டுவது நின்றுபோனால், அலுவலகக் கணினியின் டாஸ்க் மேனேஜரில் ஆர்டிபிகிளிப் என்ற நிரலை முடித்துவிட்டு மறுபடி இயக்குங்கள்.

வேலை முடிந்ததும் எப்படி வெளியேறுவது என்பதும் முக்கியம். சாளரத்தை மூடினால் இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும். திறந்த கோப்புகளும் ஓடும் நிரல்களும் அப்படியே இருக்கும். சைன் அவுட் கொடுத்தால் எல்லாம் மூடப்படும். ஷட்டவுனைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுக் கணினியை அணைக்கும் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை மாலை அதை அழுத்தியவர் திங்கள்கிழமை காலை வரை காத்திருந்தார். ரீஸ்டார்ட் கொடுக்கலாம், யாரும் உள்நுழையாவிட்டாலும் கணினி எழுந்ததும் ரிமோட் டெஸ்க்டாப் தயாராகிவிடும். வட்டைத் திறக்கத் தொடக்கத்திலேயே பிட்லாக்கர் எண் கேட்கும் கணினி என்றால் அதுவும் முடியாது.

13. எனிடெஸ்க், டீம்வியூவர் வகை என்றால்

இவை வேறு வழியில் இயங்குகின்றன. அலுவலகக் கணினியே வெளியே உள்ள சர்வரை அழைத்துக் காத்திருக்கும். நீங்களும் அதே சர்வர் வழியாக வருகிறீர்கள். ஆகவே ஹோம் பதிப்பு, போர்ட், வி.பி.என். சிக்கல்கள் இல்லை. தூக்கச் சிக்கல் அப்படியே இருக்கிறது. 2-ஆம் பகுதி இதற்கும் பொருந்தும்.

புதியவர்கள் செய்யும் தவறு, பதிவிறக்கிய கோப்பை நிறுவாமல் அப்படியே இயக்குவது. அப்படி இயக்கினால், நிர்வாகி அனுமதி கேட்டு விண்டோஸ் திரையை மங்கலாக்கும் நேரத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சொடுக்கவும் முடியாது. கணினி மறுபடி இயங்கினால் அந்த நிரல் தானாக எழாது. முறையாக நிறுவி, ஆள் இல்லாதபோது நுழைவதற்கான கடவுச்சொல்லை வைத்து, இரு கட்டச் சரிபார்ப்பையும் இயக்குங்கள்.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகத் திரை பூட்டிக்கொள்ளும். இவற்றில் நீங்கள் செய்வதெல்லாம் அங்கே அப்படியே ஓடும். சம்பளப் பட்டியலைத் திறந்தால் வழியில் போகிறவரும் படிக்கலாம். பிரைவசி மோடு இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது மானிட்டரை அணைத்துவிட்டு வாருங்கள். அணைக்கலாம், ஆனால் கேபிளைக் கழற்றாதீர்கள்: மானிட்டரே இல்லை என்று கணினி நினைத்தால் கறுப்புத் திரையோ மிகச் சிறிய திரையோ கிடைக்கும். மானிட்டர் இல்லாமலே வைத்திருக்க வேண்டும் என்றால், மானிட்டர் இருப்பது போலப் பாவனை செய்யும் சிறிய எச்டிஎம்ஐ செருகி ஒன்றை மாட்டிவிடுங்கள்.

இந்தச் செயலிகள் காட்டும் எண்ணை யாராவது தொலைபேசியில் தாமாக அழைத்துக் கேட்டால், வங்கி என்று சொன்னாலும் கணினி நிறுவனம் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள், தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: கிளம்பும் முன், எந்தப் பெட்டி உங்களுடையது, அதன் பவர் பொத்தான் எங்கே என்பதை அலுவலகத்தில் ஒருவருக்குக் காட்டிவிட்டு வாருங்கள். பெட்டியின் மேல் கணினியின் பெயரை எழுதி ஒட்டியிருந்தால், அவர் பக்கத்து மேசைக்காரருடையதை அணைத்துவிட மாட்டார்.